மிஞ்சிய மிளகாய் ஏன் கெடுகிறது? அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழி

நான்கைந்து தொட்டி மிளகாய்ச் செடி நன்றாகப் பிடித்துவிட்டால், தை மாதத்திலிருந்தே பறிப்பு வீட்டுத் தேவையை மீறிவிடும். அக்கம்பக்கத்தில் கொடுத்ததுபோக மிஞ்சுவதை வற்றலாக்கலாம், மோர் மிளகாய் போடலாம், உப்பு நீரிலோ வினிகரிலோ ஊறவைக்கலாம், ஃபிரீசரில் வைக்கலாம். எந்த வழியில் போனாலும் எங்கேயாவது ஒரு குறை தலைகாட்டும். பூஞ்சை, கருப்பு, கொழகொழப்பு, வெளிறல் என்று அது எந்த உருவில் வந்தாலும், உற்றுப் பார்த்தால் காரணம் பிடிபடும்.

மிளகாயின் உடல் அமைப்பை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். மெழுகுப் பூச்சுள்ள தோல். அதற்குள் காற்று நிரம்பிய வெற்றிடம். நடுவே விதை ஒட்டிய வெண்சதை. இலையில் இருப்பதைப் போன்ற துளைகள் இந்தத் தோலில் இல்லை. அதனால் உள்ளிருக்கும் ஈரம் எளிதில் வெளியே வராது. நாம் சேர்க்கும் உப்பும் புளிப்பும் எளிதில் உள்ளே போகாது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து பிறப்பவைதான். கத்திமுனையால் ஒரு கீறல் போட்டிருந்தால் பல ஜாடிகள் தப்பியிருக்கும்.

பறித்து வைத்த பச்சை மிளகாய் காம்படியில் கருத்து அழுகுகிறது

கழுவிய நீர் காம்புத் தொப்பிக்கு அடியில் தங்கிவிட்டது. அல்லது, மூடிய பாலிதீன் பையில் மிளகாய் வியர்த்து, அந்த ஈரம் அங்கே போய்ச் சேர்ந்தது. பனி காய்ந்த பிறகு பறியுங்கள். கழுவாமல் வையுங்கள், சமைக்கும்போது கழுவிக்கொள்ளலாம். காம்பைக் கிள்ளிவிட்டு, மெல்லிய துணியோ காகிதமோ விரித்த டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைக்கலாம். காகிதம் நனைந்தால் மாற்ற வேண்டும். ஏற்கெனவே அழுகிய ஒன்று இருந்தால் அதை அன்றே அகற்றுங்கள். அதைத் தொட்டுக்கொண்டிருந்த காய்களையும் அன்றைய சமையலிலேயே தீர்த்துவிடுவது நல்லது.

தோல் அழுகாமல் சிறுசிறு குழிகள் விழுந்து, உள்ளே விதை மட்டும் பழுப்பாகவோ கருப்பாகவோ மாறியிருந்தால் அது குளிரின் வேலை. மிளகாய் வெப்ப நாட்டுப் பயிர். ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நெடுநாள் இருந்தால் அதன் திசு கெடத் தொடங்கும். டப்பாவை ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

வற்றல் வெளியே சலசலவென்று காய்ந்திருக்கிறது. உடைத்தால் உள்ளே பூஞ்சை

எல்லாக் கோளாறுகளிலும் அதிகம் நடப்பது இது, ஆபத்தானதும்கூட. விதையைச் சுற்றிச் சாம்பல், கருப்பு அல்லது பச்சை நிறத்தில் தூள் படிந்திருக்கும். மக்கிய வாடை வரும். தோல் மேலே காய்ந்த பிறகும் உள்ளே சிக்கிய ஈரம், காற்றுப் போக வழியில்லாத அந்த வெற்றிடத்தில், பூஞ்சைக்கு வேண்டிய எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறது.

இதை மீண்டும் வெயிலில் போட்டுத் தேற்ற முடியாது. வற்றலில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூஞ்சைகள் சில அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். அது கல்லீரலைத் தாக்குவது. நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் புற்றுநோய் வரை கொண்டுபோவது. வெயிலும் வறுப்பும் பூஞ்சையைக் கொன்றாலும் நச்சை முழுதாக அழிக்காது. உள்ளே பூஞ்சை கண்ட காயை யோசிக்காமல் எறியுங்கள். அதே டப்பாவில் இருந்த மற்றவற்றை ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். பல காய்களில் தென்பட்டால் மொத்தமும் போகட்டும். பூஞ்சை பிடித்ததைப் பொடியாக அரைத்துவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்கவே வழியிருக்காது. இந்தக் கட்டத்தில் சிக்கனம் பார்ப்பது நம் வீட்டாரின் உடம்போடு விளையாடுவதாகும்.

அடுத்த முறை தவறாமல் இருக்க, காயவைப்பதைத் தொடக்கத்திலிருந்தே ஒழுங்கு செய்ய வேண்டும். முழுதும் சிவந்த பழத்தை மட்டும் வற்றலுக்கு எடுங்கள். அரைகுறையாகச் சிவந்தவை கலந்திருந்தால், இரண்டு மூன்று நாள் நிழலில் குவித்து வைத்தால் நிறம் ஒன்றுபோல ஏறும். இராமநாதபுரம், தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்து உழவர்கள் கடைப்பிடிக்கும் முறை இது. அதன்பின் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். மொட்டை மாடிச் சிமெண்டுத் தரையைவிட, காற்று அடியிலும் புகும் நார்க்கட்டிலோ கால் வைத்த வலையோ மேல். அந்தி சாயும் முன்பே அள்ளி மூடிவிட வேண்டும். பகலில் போன ஈரத்தில் ஒரு பங்கை இரவுப் பனி திருப்பிக் கொடுத்துவிடும். தை, மாசியில் பலருடைய வற்றல் இந்தக் காரணத்தால்தான் காய்ந்தும் காயாமலும் நிற்கிறது.

வகையையும் கவனியுங்கள். நீண்ட சம்பா மிளகாய் விரைவில் காயும். உருண்டையான, தடித்த தோலுள்ள முண்டு அதைவிட நாள் எடுக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு, முழுதாகத் தாளிப்பில் போட மிகப் பொருத்தமானது. அதன் விதையை வீட்டில் ஊன்றியவர்கள் பொறுமையாகக் காயவைக்க வேண்டும். பஜ்ஜி மிளகாயையும் குடைமிளகாயையும் முழுதாகக் காயவைக்கவே கூடாது. நீளவாக்கில் பிளந்து விதையை நீக்கிப் போடுங்கள்.

காய்ந்ததா என்று அறியக் குலுக்கிப் பார்ப்பது வழக்கம். விதை சலசலத்தால் நல்ல அறிகுறிதான்; ஆனாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். காம்புத் தொப்பி ஒட்டியிருக்கும் இடம்தான் கடைசியில் காயும். அங்கே வளைத்தால் ரப்பர் போல வளையாமல் முறிய வேண்டும். இன்னொரு சோதனை: ஒரு கைப்பிடி வற்றலை ஆறவிட்டுக் கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி ஓர் இரவு வையுங்கள். காலையில் கண்ணாடியின் உட்புறம் மங்கியிருந்தாலோ, மொறுமொறுப்பாக இருந்த காய் துவண்டிருந்தாலோ இன்னும் இரண்டு வெயில் வேண்டும். தராசு இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஒரு கிலோ பழம் நன்றாகக் காய்ந்தால் 250 முதல் 350 கிராம் வரைதான் நிற்கும். அரைக் கிலோவுக்கு நெருங்கி நின்றால் உள்ளே நீர் இருக்கிறது. முழு வற்றலில் ஈரம் 11 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. மேலே சொன்ன முறிவுச் சோதனையில் தேறிய காய் அந்த அளவை ஒட்டியே இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலை நம்பி வற்றல் போடத் தொடங்காதீர்கள். அந்த மாதங்களின் பறிப்பை ஃபிரீசருக்கோ உப்பு நீருக்கோ அனுப்புவதே சரி. மின் உலர்த்தி வைத்திருப்பவர்கள் 55 முதல் 60 டிகிரியில், காயைப் பிளந்து வைத்துக் காயவைக்கலாம். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் தோல் இறுகி, உள்ஈரம் மேலும் சிறைப்படும். நிறமும் கருஞ்சிவப்பாகப் போய்விடும்.

சிவப்பு வற்றலில் வைக்கோல் நிறத் திட்டுகள்

மூன்று காரணங்கள் உண்டு. திட்டின் உருவத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம். உட்குழிந்த வட்டமாக, அதற்குள் வளையம் வளையமாகக் கரும்புள்ளிகள் இருந்தால், செடியிலேயே வந்த பழ அழுகல் நோய். அந்தக் காயை நீக்குங்கள். அதன் விதையை அடுத்த விதைப்புக்கு எடுக்காதீர்கள், நோய் விதையோடு போகும். குழிவு இல்லாமல் காயின் ஒரு பக்கம் மட்டும் வெளிறியிருந்தால், பழுக்காத பகுதி காய்ந்திருக்கிறது. சாப்பிடலாம், நிறமும் மணமும் குறைவாக இருக்கும். போட்டு வைத்தபோது நன்றாகச் சிவந்திருந்து, மாதங்கள் கழித்து எல்லாமே ஒன்றுபோல வெளுத்தால் வெளிச்சமும் காற்றும் நிறத்தைத் தின்றுவிட்டன. கண்ணாடி பாட்டிலைச் சமையலறை ஜன்னலோரத்திலிருந்து இருட்டு அலமாரிக்கு மாற்றுங்கள்.

மோர் மிளகாய் பொரித்தால் வெளியே கருகி, உள்ளே சவசவவென்று இருக்கிறது

மிஞ்சிய பச்சை மிளகாய்க்கு இதைவிட நல்ல முடிவு வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். தயிர்ச்சோற்றுக்கும் கூழுக்கும் பக்கத்தில் வைக்க இதற்கு நிகர் கிடையாது. குட்டையான, சதைப்பிடிப்புள்ள காய்தான் நன்றாக வரும். தஞ்சைப் பக்கத்துக் குண்டு மிளகாய் இதற்கென்றே பெயர் பெற்றது. மெல்லிய ஊசி மிளகாயைப் போட்டால் தோலும் விதையும்தான் மிஞ்சும்.

உள்ளே சவசவப்பு என்றால் மோர் உட்புகவில்லை, ஈரமும் வெளியேறவில்லை. காம்பை வெட்டாமல் விட்டு, நுனியிலிருந்து முக்கால் நீளம் ஒரே கீறலாக, கத்தி வெற்றிடத்தைத் தொடும்படி கீறுங்கள். மேல்தோலை மட்டும் கீறினால் பயனில்லை. காம்பு இருப்பதால் காய் பிளவுபடாது. விதையும் எண்ணெயில் உதிராது.

அரைக் கிலோ காய்க்கு இரண்டு டம்ளர் நன்றாகப் புளித்த கெட்டித் தயிர், 60 முதல் 75 கிராம் உப்பு, விரும்பினால் வறுத்த வெந்தயப் பொடி சிறிது. இரண்டு நாள் அப்படியே ஊறட்டும். நாளுக்கு இரு முறை குலுக்கிவிடுங்கள். பிறகு பகலில் காயை மட்டும் எடுத்து வெயிலில் போட்டு, மாலையில் மீண்டும் அதே மோரில் போட வேண்டும். மோரையும் பகலில் வெயிலில் வைக்கலாம். மோர் முழுதும் உறிஞ்சப்படும்வரை இதையே செய்து, அதன்பின் கலகலவென்று ஆகும்வரை காயவைக்க வேண்டும்.

ஊறும்போதே கொழகொழப்பும் அழுகல் வாடையும் வந்தால், தயிர் புளிக்காமல் இருந்திருக்கும் அல்லது உப்பு போதாமல் இருந்திருக்கும். நடுவில் மேகமூட்டம் வந்து காய்கள் நாள்கணக்கில் ஈரத்திலேயே கிடந்தாலும் இப்படி ஆகும். நல்ல மோர் மிளகாயில் புளிப்பு மணம் மட்டுமே இருக்கும். அழுகல் வாடை வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். மழை திடீரென்று வந்துவிட்டால், கெடுவதற்கு முன்பே பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, வெயில் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

உப்புக் கரித்தால், ஊறும்போது நாக்குக்குச் சரியாக இருந்த உப்பு, நீர் வற்றியதும் செறிந்துவிட்டது என்று பொருள். அடுத்த முறை அளவுக்கு மேல் கை தாராளமாகப் போக வேண்டாம். கரிக்கும் மிளகாயைத் தண்ணீரில் அலசினால் பொரிக்கும்போது வெடித்துச் சிதறும். அதைப் பொரித்து நொறுக்கி, உப்புப் போடாத மோரிலோ தயிர்ப்பச்சடியிலோ கலந்து தீர்ப்பது நல்ல வழி. பொரிக்கும்போது வெளியே மட்டும் கருகினால் எண்ணெய் அதிகச் சூட்டில் இருக்கிறது. மிதமான தீயில், கரும்பழுப்பு நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

உப்பு நீரில் போட்ட மிளகாயின் மேல் வெள்ளை ஆடை

ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் உப்பு கரைத்து, கீறிய மிளகாயை மூழ்கவைத்தால் சில நாளில் தானாகவே புளிக்கும். நீர் கலங்குவதும் குமிழி வருவதும் நல்ல பாக்டீரியா வேலை செய்வதன் அடையாளம், பயப்பட வேண்டாம். மேலே தட்டையாக, சுருக்கம் விழுந்த வெள்ளை ஆடை படிந்தால் அது ஒரு வகை ஈஸ்ட். கரண்டியால் வழித்துவிட்டு மிளகாயை மறுபடி அமிழ்த்துங்கள். தீங்கில்லை, விட்டுவைத்தால் சுவைதான் கெடும். பஞ்சுபோல் நிமிர்ந்து நிற்பதோ, பச்சை, கருப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் இருப்பதோ பூஞ்சை. அந்த ஜாடி முழுவதும் போக வேண்டியதுதான்.

கீறாத முழு மிளகாய் உள்ளே காற்றோடு மிதக்கும். மிதப்பதில்தான் பூஞ்சை பிடிக்கும். கீறிப் போட்டு, மேலே ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தை எடையாக வையுங்கள். மிளகாய் குழைந்துபோனால் உப்பு குறைவு அல்லது வெப்பம் அதிகம். சித்திரை வெயிலில் சமையலறையிலேயே வாரக்கணக்கில் வைக்காமல், புளிப்பு ஏறியதும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும்.

வினிகர் மிளகாய் மங்கிய பச்சையாகிவிட்டது. கூடப் போட்ட பூண்டு நீலமாகிவிட்டது

இரண்டும் கெடுதல் இல்லை. புளிப்பில் பச்சையம் தன் மெக்னீசியத்தை இழந்து மங்கும். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலத்தில் மாறி நீலமோ பச்சையோ காட்டும். தைரியமாகச் சாப்பிடலாம்.

கவலைப்பட வேண்டியது வினிகரின் வீரியத்தைப் பற்றி. வெளிநாட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் 5 சதவீத அமிலமுள்ள வினிகரை வைத்துக் கணக்குப் போட்டவை. நம் கடைகளில் கிடைக்கும் செயற்கை வினிகரில் பல 4 சதவீதம்தான்; பாட்டிலில் அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். அந்தக் குறிப்புகளில் சொல்வதுபோல் பாதிக்குப் பாதி நீர் கலந்தால் புளிப்பு போதாமல் போகும். நீர் சேர்க்காமல் ஊற்றி, உப்பிட்டு, ஃபிரிட்ஜில் வைத்துப் பயன்படுத்துங்கள். கீறல் போட மறந்தால் காயின் உள்ளிருக்கும் வெற்றிடத்துக்கு வினிகர் போகவே போகாது.

எண்ணெயில் ஊறவைத்த பச்சை மிளகாயும் பூண்டும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது

பார்த்தோ முகர்ந்தோ இதன் ஆபத்தை அறிய முடியாது. அதனால்தான் இதைச் சேர்த்திருக்கிறேன். பச்சையான, புளிப்பில்லாத காயை எண்ணெய்க்குள் அமிழ்த்தினால் காற்றுப் படாத, ஈரமுள்ள இடம் கிடைக்கிறது. மண்ணிலிருந்து காயோடு வரும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அப்படிப்பட்ட இடத்தில்தான் முளைத்து நச்சைச் சுரக்கும். அந்த நச்சு நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடியது. கொதிநீர்ச் சூட்டில் இந்த வித்துகள் சாகா. புளிப்பை அளக்கும் பிஎச் எண் 4.6க்குக் கீழே இருந்தால் அவை முளைக்க மாட்டா; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்.

ஆகவே பச்சைக் காயை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைக்கவே வேண்டாம். செய்தால் ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வெளியே நாள்கணக்கில் கிடந்ததை ருசிபார்த்துச் சோதிக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். நம் பாட்டிமாரின் மிளகாய்த் தொக்கு நின்றதற்குக் காரணம் எண்ணெய் மட்டும் இல்லை. புளி, நிறைய உப்பு, எண்ணெய் பிரியும்வரை வதக்கி நீரை வற்றச் செய்தது ஆகிய மூன்றும் சேர்ந்து காத்தன. உப்பு குறைவாக, புளி கொஞ்சமாக, சட்டென்று இறக்கியது என்று செய்த தொக்கு ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும்.

ஃபிரீசரில் வைத்தது ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது, எடுத்தால் துவள்கிறது

கழுவிய ஈரம் போகத் துடைத்து, தட்டில் பரப்பி உறையவிட்டு, அதன்பின் பையில் அள்ளிப் போட்டால் ஒட்டாது. முன்கூட்டி வெந்நீரில் போட்டு எடுக்கத் தேவையில்லை. துவள்வதைத் தடுக்க முடியாது: உறைந்த நீர் செல்சுவரைக் கிழித்துவிடுகிறது. காரமும் மணமும் அப்படியே இருக்கும். உறைநிலையிலேயே நறுக்கித் தாளிப்பில் போடுங்கள்.

பொடி கட்டிதட்டுகிறது, வற்றலில் சிறு ஓட்டைகளும் வண்டும்

கட்டிதட்டினால், அரைக்கும் முன் வற்றல் மொறுமொறுப்பாக இல்லை, அல்லது மில்லிலிருந்து வந்த சூட்டோடு டப்பாவில் அடைக்கப்பட்டது. தாம்பாளத்தில் பரப்பி முழுதும் ஆறவைத்த பிறகே மூட வேண்டும். காரம் குறைவாக இருந்தால், விதையை நீக்கும்போது அது ஒட்டியிருந்த வெண்சதையும் போயிருக்கும். காரம் உருவாவது அந்தச் சதையில்தான். விதையில் ஒட்டிக்கொள்வது அதன் மிச்சம்.

குண்டூசித் தலை அளவு பழுப்பு வண்டு தென்பட்டால், நன்றாக இருக்கும் காய்களைப் பிரித்து, இறுக்கமான பையில் ஒரு வாரம் ஃபிரீசரில் வையுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். பிறகு அறை வெப்பத்துக்கு வந்ததும் பையைத் திறந்து, ஒரு நாள் வெயிலில் போட்டு எடுத்து வையுங்கள். டப்பாவைக் கழுவிக் காயவைக்காமல் மறுபடி பயன்படுத்தினால் வண்டு திரும்ப வரும்.

கீறிய கை எரிகிறது, தண்ணீரில் கழுவினாலும் நிற்கவில்லை

காரத்துக்குக் காரணமான கேப்சைசின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். முதலில் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவித் தேய்த்துத் துடைத்து, அதன்பின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அரைக் கிலோவுக்கு மேல் கீறுவதாக இருந்தால் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. கண்ணில் பட்டால் எண்ணெய் வைத்தியம் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, கண்ணைத் திறந்து வைத்து ஓடும் நீரில் நெடுநேரம் அலச வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் அணிந்திருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். எரிச்சல் தணியாவிட்டால் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.